மேகத்தில் வைத்த ஏடுகள்

(சங்கத்தின் வருடாந்தக் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரை)



ஒரு கணினியிலுள்ள கோப்புகளை மற்றொன்றிலும் ஒரே நிலையில் வைத்திருப்பது எப்படி, பலரோடு பகிர்வது எப்படி என்பதைப் பற்றிச் சில வார்த்தைகள் பேசப் பணிக்கப்பட்டிருக்கிறோம். இளைஞருக்கு இது பழகிய விஷயம். பெரியோருள் சிலருக்கு ‘மேகச் சேமிப்பு’ என்னும் பெயரே வேடிக்கையாகத் தோன்றலாம். மேகம் என்பது பெயரளவில்தான். உண்மையில் அது வேறொரு தேசத்திலே, குளிரூட்டிய பெரிய கட்டடத்துள் அடுக்கடுக்காக நிறுத்தப்பட்ட கணினிகளேயாகும்.

ட்ரூ ஹூஸ்டன் என்னும் அமெரிக்க இளைஞர், பொஸ்ரனிலிருந்து நியூயோர்க்குக்குப் பஸ்ஸில் புறப்பட்ட பின்னரே தமது பென் ட்ரைவை மறந்து வந்ததை உணர்ந்தாராம். அந்தப் பிரயாணத்தில் எழுதத் தொடங்கியதே ட்ரொப்பொக்ஸ் என்று அவரே சொல்லியிருக்கிறார். 2007ஆம் ஆண்டில் அராஷ் ஃபெர்தோசி என்பவருடன் சேர்ந்து கம்பனியை ஆரம்பித்தார். அடுத்த ஆண்டில் அது பொதுமக்கள் கைக்கு வந்தது. கூகிள் ட்ரைவ் 2012இல் வந்தது. பென் ட்ரைவை வீட்டில் விட்டுவிட்டு விரிவுரைக்குப் போகும் நம்மவருக்கு அந்தப் பஸ் கதையை விளக்க வேண்டியதில்லை.

இது வேலை செய்யும் விதம் எளிது. கணினியில் ஒரு கோப்புறையைக் குறித்து விடுகிறோம். சிறிய மென்பொருளொன்று காவற்காரன்போல அதைப் பார்த்துக்கொண்டிருக்கும். உள்ளே ஏதேனும் மாறியவுடன் மாற்றத்தை மேலே அனுப்பும். மேலிருந்து நமது மற்றக் கணினிக்கும் கைத்தொலைபேசிக்கும் அது இறங்கும். ட்ரொப்பொக்ஸ் ஒவ்வொரு கோப்பையும் 4 மெகாபைட் துண்டுகளாகப் பிரித்து, துண்டுக்கொரு அடையாள எண் கணித்து வைக்கிறது. எண் மாறிய துண்டு மாத்திரமே பிரயாணம் செய்யும். டேட்டாவுக்குக் காசு எண்ணிக் கொடுக்கும் நமக்கு இது சிறிய உபகாரமன்று. மாறிய பகுதியை மட்டும் அனுப்பும் யோசனை புதிதுமன்று. அவுஸ்திரேலியாவில் அன்ட்ரூ ட்ரிஜெல், போல் மக்கரஸ் என்னும் இருவர் 1996இலேயே ஆர்சிங்க் என்ற மென்பொருளில் அதைச் செய்து காட்டினர்.

ஒரே கோப்பை இருவர் ஒரே சமயத்தில் திருத்தினால் என்னாகும்? செயலாளர் வீட்டில் இணையம் இல்லை. உறுப்பினர் பட்டியலில் பத்துப் பெயரைச் சேர்க்கிறார். அதே மாலையில் பொருளாளர் அதே பட்டியலில் சந்தாப் பணத்தைப் பதிகிறார். எது சரியென்று இயந்திரத்துக்குத் தெரியாது. ட்ரொப்பொக்ஸ் இரண்டையும் வைத்து, ஒன்றின் பெயரில் ‘முரண்பட்ட பிரதி’ என்று குறித்து விடும். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒன்றாக்குவது மனிதர் வேலை. அதை அன்றே செய்யாவிட்டால், ஆறு மாதத்தின் பின் எந்தப் பட்டியல் மெய்யென்று ஒருவருக்கும் தெரியாது. கூகிள் டொக்ஸில் இருவரும் இணையத்தில் இருந்துகொண்டே எழுதினால் இத்தொல்லை இல்லை.

இனி நாம் அழுத்திச் சொல்ல விரும்பும் விஷயம். ஒத்திசைவு வேறு, காப்புப் பிரதி வேறு. ஒரு கணினியில் அழித்தால் எல்லாக் கணினிகளிலும் அழியும். இயந்திரம் சொன்னதைச் செய்யும். கூகிள் ட்ரைவின் குப்பைக்கூடையில் 30 நாள் கிடக்கும், பிறகு போய்விடும். மேகம் என்றாலே பத்திரம் என்று நினைப்போர் இரண்டு சம்பவங்களை மனத்தில் வைத்துக்கொள்வது நன்று. 2021 மார்ச் 10இல் பிரான்சிலே ஸ்திராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் கம்பனியின் கணினிக் கட்டடம் ஒன்று எரிந்து அழிந்தது. வேறிடத்தில் பிரதி வைக்காதவர் பலர் தமது தரவுகளை இழந்தனர். 2023இல் நமது நாட்டு அரசாங்க மேகத்தைக் கப்பம் கேட்கும் மென்பொருள் தாக்கியபோது, மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் மீளவில்லை. அக்காலத்துக்குத் தனியாகக் கழற்றி வைத்த பிரதி இருக்கவில்லை.

ஒரே பிரதி என்பதன் பொருளை இங்குள்ள பெரியோருக்கு நாம் சொல்லத் தேவையில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தபோது சுமார் 97,000 நூல்கள் போயின. வேறெங்கும் இல்லாத ஏட்டுச்சுவடிகளும் அவற்றுடன் போயின. 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் இணைய நூலகம் நம்மவர் பத்திரிகைகளையும் மலர்களையும் மின்பிரதியாக்கி வருவது அந்த நினைவு உள்ளவர்களுக்கு எவ்வளவு ஆறுதல்!

நமது சங்கத்தைப் போன்ற சங்கங்களுக்கு வேறோர் ஆபத்தும் உண்டு. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கூட்டக் குறிப்புகள், கணக்குகள், பழைய விழாப் படங்கள் எல்லாம் ஓர் உறுப்பினரின் சொந்தக் கணக்கில் இருக்கும். மற்றவர்களுக்கு அவர் பகிர்ந்திருப்பார். பகிர்தல் உரிமையாகாது. அவர் வெளிநாடு போய்ப் பழைய மின்னஞ்சலை மறந்துவிடலாம், காலமாகியும் விடலாம். கூகிள் 2023 டிசம்பர் முதல் இரண்டு ஆண்டுகள் தொடாத தனிப்பட்ட கணக்குகளை அழிக்கும் விதியை நடைமுறைப்படுத்தியிருக்கிறது. கணக்கு அழிந்தால் அவர் பகிர்ந்தவையும் நம் கண்முன்னே மறையும். சங்கத்தின் பெட்டகச் சாவி ஒருவர் மடியில் இருப்பதற்கு எந்தப் பெரியவரும் சம்மதியார். ஆயினும் இதற்கு எல்லோரும் பேசாமல் சம்மதித்திருக்கிறோம்.

நமது அபிப்பிராயம் இது. சங்கத்தின் பெயரில் ஒரு கணக்குத் திறந்து, செயலாளரும் பொருளாளரும் அதன் கடவுச்சொல்லை அறிந்திருக்கட்டும். நிர்வாகம் மாறும்போது முத்திரையோடும் வங்கிப் புத்தகத்தோடும் அதுவும் கைமாறட்டும். கடவுச்சொல்லை மீட்கும் தொலைபேசி இலக்கத்தையும் அன்றே மாற்ற வேண்டும். இணைப்பு கிடைத்த எவரும் திறக்கலாம் என்ற நிலையில், உறுப்பினரின் விலாசமும் அடையாள அட்டை இலக்கமும் உள்ள கோப்பை ஒருபோதும் வைக்கலாகாது. மூன்று மாதத்துக்கொருமுறை எல்லாவற்றையும் ஒரு வன்தட்டில் எழுதி, கழற்றி, வேறொரு வீட்டு அலுமாரியில் வைக்க வேண்டும். வன்தட்டின் விலையைப் பொருளாளரிடம் விசாரித்திருக்கிறோம். அவர் இன்னும் பதில் சொல்லவில்லை.