எண்ணிப் பார்க்கலாம், பிரித்துப் படிக்கலாமா?



சுவிட்ச் என்றதும் மின்விளக்கை நினைக்க வேண்டாம். அலுவலகக் கணினிகளின் கம்பிகளெல்லாம் வந்து சேரும் பெட்டிக்கும் அதே பெயர்தான். அவற்றுள் நிர்வாகி கட்டுப்படுத்தக்கூடிய வகையை மேனேஜ்டு சுவிட்ச் என்பார்கள். அதன் வழியே செல்லும் தகவல்களை எந்த அளவு கண்காணிக்கலாம் என்பதே என் பேச்சு.

முன்பிருந்த ஹப் என்னும் பெட்டி, ஒருவருக்கு வந்த தகவலை எல்லாக் கணினிகளுக்கும் அனுப்பிவிடும். சுவிட்ச் தபால்காரரைப் போல, முகவரி பார்த்து உரிய கணினியிடம் மட்டும் சேர்க்கும். ஆகவே அடுத்தவர் தகவலைப் பார்க்க, சாதாரணமாக, சுவிட்சின் உதவி வேண்டும்.

அந்த உதவி இரு வகை. முதலாவது, எண்ணிக்கை. ஒவ்வொரு போர்ட்டிலும் எத்தனை பைட் வந்தது, எத்தனை போனது என்று சுவிட்ச் கணக்கு வைத்திருக்கும். 1988ஆம் ஆண்டு வெளிவந்த எஸ்என்எம்பி முறையில் அக்கணக்கைக் கேட்டு வாங்கலாம். பழைய 32 பிட் கணக்கு, 1 கிகாபிட் முழு வேகத்தில் சுமார் 34 விநாடியில் நிரம்பி மீண்டும் சுழியத்திலிருந்து தொடங்கும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்ப்பவருக்குத் தவறான கணக்கே கிடைக்கும். 64 பிட் கணக்கையே பார்க்க வேண்டும்.

இரண்டாவது, போர்ட் மிரரிங். ஒரு போர்ட்டில் வருவதையும் போவதையும் நகலெடுத்து வேறொரு போர்ட்டுக்கு அனுப்புவது. முன்னது, எத்தனை கடிதம் வந்தது என்று காவலாளி குறித்துவைப்பது. பின்னது, கடிதத்தையே நகலெடுப்பது. மறையாக்கம் செய்யப்பட்டிருந்தால் உள்ளடக்கம் தெரியாது. ஆனாலும் எந்தக் கணினி எதனுடன், எப்போது, எவ்வளவு தொடர்பு கொண்டது என்பது தெரிந்துவிடும்.

அப்படியானால் கண்காணிப்பே வேண்டாமா? 2018ஆம் ஆண்டு சிங்ஹெல்த் ஊடுருவலில் 1.5 மில்லியன் நோயாளிகளின் விவரங்கள் களவு போயின. ஊடுருவியவர்கள் 2017 ஆகஸ்டிலேயே உள்ளே நுழைந்துவிட்டதாக விசாரணைக் குழு கண்டறிந்தது. தரவுத்தளத்தில் வழக்கத்துக்கு மாறான தேடல்களை ஊழியர்கள் கவனித்த பிறகே, 2018 ஜூலை 4ஆம் தேதி திருட்டு தடுக்கப்பட்டது. வழக்கம் எதுவென்று அறிந்தவரால்தான் மாற்றத்தைக் கண்டுகொள்ள முடியும்.

எனவே, எண்ணிக்கை இரவும் பகலும் ஓடட்டும். நகலெடுப்பது, தக்க காரணம் இருந்தால், குறிப்பிட்ட போர்ட்டில், குறிப்பிட்ட நேரத்துக்கு மட்டும் நடக்கட்டும். யார், ஏன் திறந்தார் என்பது பதிவாகட்டும். ஊழியர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பழைய எஸ்என்எம்பி பதிப்புகளில் ‘பப்ளிக்’ என்ற சொல்லே சாவியாக விடப்பட்டிருப்பதுண்டு, அதை மாற்றுங்கள். மறையாக்கமுள்ள மூன்றாம் பதிப்பைப் பயன்படுத்துங்கள்.

வேலி பயிரைக் காக்கத்தான், மேய்வதற்கல்ல.