சாலையைக் கடக்கும் உரிமை

பொதுத் தெருவில் எல்லாரும் நடக்கலாம் என்று 1924ல் சென்னை மாகாண சட்டசபை தீர்மானம் போட்டது. நூறு வருஷம் தாண்டிடுச்சு. இன்னும் நம்ம பிள்ளைங்க உசிரைக் கையில புடிச்சிக்கிட்டுத்தான் ரோட்டைக் கடக்குதுங்க. காலனி இந்தப் பக்கம், பள்ளிக்கூடமும் ரேஷன் கடையும் அந்தப் பக்கம். கார் வைத்திருப்பவன் சாலையோடு போகிறான். நாம் குறுக்கே போக வேண்டியிருக்கிறது.

அடிபட்டுச் செத்தா, 'பாக்காம ஓடுனான்'னு பழியும் நம்ம மேலதான். 2022ல் மட்டும் இந்தியாவில் 32,825 பாதசாரிகள் சாலையில் செத்தார்கள். அத்தனை பேருமா பாக்காம ஓடுனாங்க?

வெள்ளைக்கோடு அடிச்சா மட்டும் வண்டி நிக்காது. வேகம் இரட்டிப்பானால், பிரேக் பிடித்தபின் வண்டி ஓடும் தூரம் நான்கு மடங்காகும். ஆகவே வேகத்தைக் குறைக்கச் சொல்லிக் கேட்போம். கடக்கும் இடத்தை மேடாக்கு! நடுவில் நின்றுபோகத் திட்டு கட்டு! ராத்திரிக்கு விளக்குப் போடு! நார்வேயின் ஒஸ்லோ நகரில் வேகத்தைக் குறைத்தார்கள். 2019ல் அங்கே ஒரு பாதசாரிகூடச் சாகவில்லை.

மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019ல் 198ஏ பிரிவைச் சேர்த்தார்கள். விதிப்படி சாலை அமைக்காததால் சாவு நேர்ந்தால், பொறுப்பான துறைக்கும் ஒப்பந்தக்காரருக்கும் ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதம் உண்டு.

மாணவத் தோழர்களே, பள்ளி விடும் நேரத்தில் ஒரு மணிநேரம் அங்கே நில்லுங்கள். எத்தனை பேர் கடக்கிறார்கள், எவ்வளவு நேரம் காத்து நிற்கிறார்கள் என்று எழுதுங்கள். அந்தக் கணக்கோடு, இந்தப் பிரிவையும் எழுதி, கலெக்டர் ஆபீசுக்கு ஊரே சேர்ந்து போவோம். பிணம் விழுந்த பிறகு மறியல் செய்தது போதும்.