மின்கட்டண நிலுவையும் நம் வீடுகளும்



பிரிட்டனில் மின்சாரம் தரும் நிறுவனத்தை வீட்டார் விரும்பியபடி மாற்றிக்கொள்ளலாம். ஆயினும் 28 நாட்களுக்கு மேல் பாக்கி வைத்தவரைப் பழைய நிறுவனம் தடுத்து நிறுத்த இயலும். முன்பணம் செலுத்தும் மீட்டர் வைத்திருப்போர் மட்டும் 500 பவுண்டு வரையிலான கடனோடு மாறிச் செல்லலாம்.

நமக்கோ மின்வாரியம் ஒன்றே. பாக்கியை விட்டு வேறிடம் செல்ல வழியில்லை. முகத்துவாரம் மணல் மூடும் காலங்களில் வலை வெறுமையாகத் திரும்புகிறது. இரண்டு மாதத்திற்கொருமுறை வரும் கட்டணம் அதற்காகக் காத்திருப்பதில்லை.

எனினும் 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 56ஆம் பிரிவை நாம் அறிந்திருத்தல் நலம். 15 நாட்கள் முன்னதாக எழுத்து மூலம் அறிவிப்புத் தராமல் பாக்கிக்காக இணைப்பைத் துண்டிக்கலாகாது. கேட்கப்படும் தொகை தவறெனக் கருதினால், அத்தொகை அல்லது முந்தைய ஆறு மாதச் சராசரிப்படியான தொகை, இவற்றில் குறைந்ததை ஆட்சேபத்துடன் செலுத்தலாம். வழக்குத் தீரும்வரை விளக்கு அணையாது. இதை அறியாமல் வட்டிக்கு வாங்கிக் கட்டியோர் நம்மிடையே உண்டு.

இன்னொன்று. முந்தைய உரிமையாளரின் மின்பாக்கியை, விதிமுறை இடமளிக்குமாயின், வீட்டைப் புதிதாக வாங்கியவரிடமே வசூலிக்கலாம் என 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வீடு வாங்குகையில் பத்திரம் பார்க்கிறோம், வில்லங்கச் சான்று பார்க்கிறோம். மின் இணைப்பு எண்ணை யாரும் கேட்பதில்லை. அவ்வெண்ணைக் கொண்டு வாரிய அலுவலகத்தில் நிலுவையை விசாரித்த பின்னரே முன்பணம் கொடுக்க வேண்டுகிறோம்.