சில வேளைகளில் கிளம்பாத வண்டி

முற்றும் பழுதாகிவிட்ட மோட்டார் வண்டியைச் சீர்செய்வது அவ்வளவு கடினமன்று. அது நின்ற இடத்திலேயே நிற்கும், மிஸ்திரி வந்து பார்ப்பார், குறை அகப்பட்டுவிடும். ஒரு நாள் கிளம்ப மறுத்துவிட்டு அடுத்த ஒன்பது நாளும் ஒழுங்காக ஓடுகின்ற வண்டிதான் மனிதரைச் சோதிப்பது. மிஸ்திரியின் முன்னிலையில் அது ஒருபோதும் தவறு செய்வதில்லை. அவர் சாவியைத் திருப்பியதும் கிளம்பிவிடுகிறது. "நன்றாகத்தானே இருக்கிறது?" என்று அவர் நம்மைப் பார்க்கிறார். பொய் சொல்லி அகப்பட்டுக்கொண்டவர்போல் நாம் வீடு திரும்புகிறோம்.

இத்தகைய வண்டியொன்றோடு தில்லியில் ஒரு குளிர்காலம் முழுவதையும் கழித்தவர்கள் நாங்கள். ராமகிருஷ்ணபுரத்தில் குடியிருப்பு, ஒன்பது வயதான சிறிய பெட்ரோல் வண்டி. எங்கள் அம்மாவுக்குச் சிறுநீரகம் செயலிழந்திருந்தமையால், வாரத்தில் இருமுறை இரத்தச் சுத்திகரிப்புக்காக மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வோம். நான்கு மணி நேரம் படுக்கையில் கிடந்து எழுந்து வருகிறவருக்கு நிற்கவும் வலுவிராது. 2023 டிசம்பரில் ஓர் இரவு, அவரைப் பின்னிருக்கையில் அமர்த்திக் கம்பளியைப் போர்த்திவிட்டுச் சாவியைத் திருப்பினோம். 'டக்' என்று ஒரே ஓர் ஒலி, பிறகு ஒன்றுமில்லை. மீண்டும் திருப்பினோம், மீண்டும் அதே 'டக்'. பக்கத்து வண்டியின் ஓட்டுநர் இரக்கம் கொண்டு, இரு பாட்டரிகளையும் இணைக்கும் கம்பிகளை எடுத்து வந்து மாட்டினார். வண்டி உடனே கிளம்பிற்று. பாட்டரி போய்விட்டது என்றார் அவர். நாங்களும் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டோம்.

எடுத்துக்கொண்டதற்குக் காரணமும் இருந்தது. பாட்டரிக்குள் நிகழ்வது வேதியியல் வினை. குளிர் மிகுந்தால் அவ்வினை மந்தமாகும். அதே குளிரில் எஞ்சின் எண்ணெயும் தடித்துப்போவதால், சுழற்றுவதற்கு வழக்கத்தினும் மிகுதியான வலிமை வேண்டும். ஜனவரி விடியலில் தில்லியின் வெப்பநிலை நான்கைந்து டிகிரிக்கு இறங்குவதுண்டு. சென்னையில் வண்டி ஓட்டிப் பழகியவர்கள் இதை அறியமாட்டார்கள். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பாட்டரியின் ஆயுளைக் குறைப்பது உண்மையில் 45 டிகிரிக் கோடை. குளிர்காலம் அதை அம்பலப்படுத்துகிறது, அவ்வளவே.

மறுநாள் பணிமனைக்குச் சென்றபோதுதான் எங்கள் பிழை தொடங்கிற்று. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டவர்கள் செய்யத்தகாத பிழை அது. நிகழ்ந்ததை நிகழ்ந்தபடி சொல்லாமல், "பாட்டரி டவுன்" என்று முடிவைச் சொன்னோம். மூலத்தை மறைத்துவிட்டு உரையை மட்டும் நீட்டினோம். கேட்டவர் புதுப் பாட்டரி மாட்டிக் கொடுத்தார். பதினொரு நாள் ஓடிற்று. பன்னிரண்டாம் நாள் 'டக்'. இம்முறை, கியரில் வைத்து வண்டியை முன்னும் பின்னும் அசைத்ததும் கிளம்பிவிட்டது. அப்படியானால் செல்ஃப் மோட்டாரில்தான் குறை என்றார்கள்; அதையும் மாற்றினோம். மூன்று வாரம் நிம்மதி. பிறகு, மருத்துவமனை வாசலிலேயே, மீண்டும் 'டக்'. அன்று வாடகை வண்டியில் வீடு திரும்பும்போது, "என்னால்தானே உங்களுக்கு இந்த அலைச்சல்" என்று அம்மா சொன்னார். பாட்டரிக்கும் மோட்டாருக்கும் கொடுத்த பணத்தைக் காட்டிலும் அச்சொல்லே எங்களை வருத்திற்று.

அக்கம்பக்கத்தில் விசாரித்து, வேப்பமரத்தடியில் கடை வைத்திருந்த வயதான மிஸ்திரி ஒருவரிடம் போனோம். அவர் வண்டியைத் தொடவே இல்லை. "ஆவாஜ் எப்படி வந்தது? விளக்கு மங்கிற்றா?" என்று இரண்டே கேள்வி கேட்டார். ஒலியைச் சொல்ல முடிந்தது. விளக்கைப் பற்றிச் சொல்லத் தெரியவில்லை. அடுத்த முறை பார்த்து எழுதிக்கொண்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார். எட்டாம் வகுப்புப் படிக்கும் எங்கள் மகள் ஒரு குறிப்பேட்டில் கோடு கிழித்தாள்: நாள், நேரம், எஞ்சின் சூடா குளிர்ச்சியா, என்ன ஒலி, விளக்கு எப்படி. ஐந்து முறை வண்டி மறுத்தது. இரண்டு முறை எஞ்சின் சூடாக இருந்தது, மூன்று முறை குளிர்ந்திருந்தது. ஆகவே குளிரின்மேல் பழியில்லை. ஐந்து முறையும் சாவியைத் திருப்பியபோது எதிர்ச்சுவரில் விழுந்த விளக்கொளி சிறிதும் மங்கவில்லை.

குறிப்பேட்டைப் பார்த்ததும் மிஸ்திரி சிரித்தார். வலுவிழந்த பாட்டரியாக இருந்தால், செல்ஃப் மோட்டார் மின்சாரத்தை இழுக்கும்போது விளக்கு மங்கியே தீர வேண்டும். மங்கவில்லை என்றால் மின்சாரம் போதிய அளவில் பாயவே இல்லை. வழியில் எங்கோ அடைப்பு. மோட்டாரோ புதியது. எஞ்சியவை இரண்டு வழிகள்: பாட்டரியின் நேர்முனையிலிருந்து மோட்டாருக்குப் போகும் தடித்த கம்பி, எஞ்சினிலிருந்து எதிர்முனைக்குத் திரும்பி வரும் எர்த் பட்டை.

பலரும் மறந்துவிடுவது இந்த இரண்டாவதைத்தான். எஞ்சின், ரப்பர்த் தாங்கிகளின்மேல் அமர்ந்திருப்பது. ஆதலால் அதை வண்டியின் உடலோடு மின்வழியில் இணைக்கச் செப்புக் கம்பிப் பின்னலால் ஆன ஒரு பட்டை இருக்கும். ஒவ்வோர் அதிர்விலும் அது அசைகிறது. ஆண்டுகள் செல்ல, இழைகள் ஒவ்வொன்றாக அறும். திருகாணியின் அடியில் களிம்பு ஏறும். சிறிய பெட்ரோல் வண்டியின் செல்ஃப் மோட்டாருக்கும் நூறு ஆம்பியருக்குமேல் தேவைப்படும். அவ்வளவு மின்சாரம் செல்லும் வழியில் ஓர் ஓமில் நூறில் ஒரு பங்கு தடை இருந்தாலே ஒரு வோல்ட் வீணாகும். பாட்டரியில் இருப்பதோ பன்னிரண்டரை வோல்ட்தான். தடை சற்று ஏறினால் மோட்டார் அசையாது. முகப்பு விளக்குகளுக்கு வேறு எர்த் ஆதலால் அவை பளிச்சென்று எரிந்துகொண்டேயிருக்கும்.

இப்போது பழைய புதிர்களெல்லாம் அவிழ்ந்தன. அன்றிரவு உதவிய ஓட்டுநர், கறுப்புக் கம்பியின் கடைசிக் கவ்வியை எங்கள் பாட்டரியில் மாட்டாமல் எஞ்சினின் வெற்று உலோகத்தில் மாட்டினார். அதுவே முறையான வழி. பாட்டரியருகே ஹைட்ரஜன் வாயு இருக்கக்கூடும், பொறி பறந்தால் ஆபத்து. ஆனால் அக்கவ்வி பழுதான எர்த் பட்டையைச் சுற்றிக்கொண்டு மின்சாரத்துக்குப் புதுவழி அமைத்துவிட்டது. வண்டி கிளம்பியது அதனால். நாங்கள் பழி சுமத்தியது பாட்டரியின்மேல். வண்டியை அசைத்தபோது எஞ்சின் சற்றே நகர்ந்து பட்டையின் தொடர்பு சரியாயிற்று. பழி விழுந்தது மோட்டாரின்மேல்.

மிஸ்திரி அத்தோடு விடவில்லை. வண்டி மறுக்கும்வரை தம்மிடமே வைத்துக்கொண்டார். நான்காம் நாள் அது மறுத்ததும், கியரை விலக்கிக் கைத்தடையை இழுத்துவிட்டு, ஒரு கம்பியால் எதிர்முனையை எஞ்சின் உலோகத்தோடு நேராக இணைத்துச் சாவியைத் திருப்பினார். கிளம்பிற்று. கம்பியை எடுத்தார், 'டக்'. காஷ்மீர் கேட் உதிரிபாகச் சந்தையிலிருந்து புதுப் பட்டை வந்தது. விலை, நாங்கள் வாடகை வண்டிக்குக் கொடுத்த ஒரு தடவைக் கட்டணம்கூட இல்லை.

பம்பாயிலும் கல்கத்தாவிலும் வாழும் நேயர்களுக்குக் குளிர்த் தொல்லை குறைவு; ஆனால் கடற்காற்றும் மழை ஈரமும் களிம்பை விரைவில் ஏற்றும். ஆகவே இணைப்புகளை ஆண்டுக்கொரு முறையேனும் கழற்றித் துடைத்து இறுக்கச் சொல்லுங்கள். பழுது எல்லாம் இந்த ஒரே பழுதென்று எண்ணவும் வேண்டாம். விளக்கு மங்கி 'டக டக' என்று தொடர்ந்து ஒலித்தால் பெரும்பாலும் பாட்டரியே குற்றவாளி. எஞ்சின் நன்றாகச் சுழன்றும் பற்றிக்கொள்ளவில்லையென்றால், பெட்ரோல் வரவில்லை, அல்லது பொறி விழவில்லை. புதிய வண்டிகளில், சாவியை அடையாளம் காணும் மின்னணுப் பூட்டு மறுப்பதும் உண்டு. ஒலியே இல்லையென்றால் அது வேறு கதை. வேற்று மொழி பேசும் ஊரில் இவற்றை விளக்க நமக்குச் சொற்கள் போதாமல் போகலாம். அதனால் கேட்ட ஒலியை வாயாலேயே செய்து காட்டுங்கள். நாங்கள் செய்து காட்டினோம், மிஸ்திரிக்குப் புரிந்தது. "பாட்டரி போயிற்று" என்று மட்டும் நீங்களாகச் சொல்லிவிடாதீர்கள்.

பட்டை மாற்றிய பின், அந்த ஆண்டு மருத்துவமனை வாசலில் வண்டி ஒருமுறையும் நிற்கவில்லை. ஆயினும் ஒவ்வொரு முறையும் நாங்கள் சாவியைத் தொடுமுன், கம்பளிக்குள்ளிருந்து அம்மா கேட்பார்: "விளக்கைப் போட்டாயிற்றா? சுவரைப் பார்த்துக்கொள்ளுங்கள்."