ஆறு மாதக் கணக்கு



வேளச்சேரிக்கு அண்மையிலுள்ள அடையாற்றில், தம் சகோதரியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களின் முயற்சியால் 1954ஆம் ஆண்டு புற்றுநோய் மருத்துவமனை தோன்றியது. சூலகத்தில் எழும் புற்றுநோய் அடங்கி மீண்டும் தலைதூக்கினால், அந்நாளில் கொடுக்கத்தக்க மருந்துகள் மிகச் சிலவே.

1965இல் அமெரிக்க விஞ்ஞானி ரோசன்பர்க், பிளாட்டினம் என்னும் உலோகத்தின் சேர்மங்கள் பாக்டீரியா பிரிந்து பெருகுவதைத் தடுப்பதை வெளியிட்டார். அதன் வழியே சிஸ்பிளாட்டினும், பின்னர் கார்போபிளாட்டினும் மருந்தாயின.

இன்று நோய் திரும்பினால் மருத்துவர் கேட்பது இது: கடைசிப் பிளாட்டின மருந்து ஏற்றி எத்தனை மாதம் ஆயிற்று? ஆறு மாதத்திற்கு மேலாயின், பெரும்பாலும் அவ்வின மருந்தையே பாக்ளிடாக்சல், ஜெம்சிடபின் போன்ற ஒன்றோடு சேர்த்து மறுபடியும் அளிப்பர். அதற்குள் திரும்பியிருந்தால், அம்மருந்துக்கு நோய் பணிவது அரிது. ஆகவே வாரந்தோறும் பாக்ளிடாக்சல், அல்லது டோபோடீகான் போன்ற வேறொன்றைத் தருவர். நோயாளியின் உடல் வலிமையும், முன்பு பட்ட பக்கவிளைவுகளும், மரபணுச் சோதனையும் இக்கணக்கோடு சேர்த்தே எண்ணப்படும்.

திரும்பிய நோயை முற்றிலும் அகற்றுதல் அரிதே. ஆயினும் ஆயுளை நீட்டலாம், துன்பத்தைத் தணிக்கலாம். எனவே, சிகிச்சை பெற்ற அன்னையோ பாட்டியோ வயிறு உப்புகிறது, பசியில்லை என்றால், அஜீரணம் என்று தள்ளிவிடாதீர்கள். மருந்தேற்றிய தேதிகள் குறித்த சீட்டை எடுத்துக்கொண்டு உடன் செல்லுங்கள். கற்ற பிள்ளையின் கடமை அது.