ஊர்ப் பொதுவெளியும் உள்ளூராட்சியும்

யாழ்ப்பாண நகரிலிருந்து பலாலி நோக்கிச் செல்லும் வீதியும், மானிப்பாயிலிருந்து கோப்பாய் வழியாகக் கைதடிக்குச் செல்லும் வீதியும் ஒன்றையொன்று குறுக்கறுக்கும் இடம் உரும்பிராய்ச் சந்தி. சந்தியைச் சுற்றிச் செம்மண் தோட்டங்கள். வெங்காயமும் புகையிலையும் உருளைக்கிழங்கும் வாழையும் விளையும் அந்த மண்ணில் ஒரு பரப்புக் காணிக்கு என்ன விலை என்பதைக் குடாநாட்டார் நன்கறிவர். தோட்டக்காரன் வரம்பில் ஒரு சாணைக்கூட விட்டுக்கொடான். அத்தகைய ஊரிலே பிள்ளைகள் ஓடி விளையாடவும், முதியோர் மாலையில் காற்று வாங்கவும் ஒரு பொதுவெளி எங்கிருந்து கிடைக்கும்? கிடைத்தபின் அதை ஆபத்தின்றிக் காப்பது யார்? உள்ளூராட்சி என்னும் பெரிய பொருளில் இவ்விரண்டு வினாக்களும் சிறியவைபோலத் தோன்றும். ஆயின் ஊர்ச்சபை ஒன்று உண்மையில் இயங்குகின்றதா இல்லையா என்பதை இவ்விரண்டையும் கொண்டே அளந்துவிடலாம்.

பூங்கா என்றதும் பட்டினத்தாருக்கு நினைவில் வருவது வேறு. யாழ்ப்பாண நகரில் பழைய பூங்கா இருக்கின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நெடுங்காலம் அரசாங்க அதிபராயிருந்த பேர்சிவல் அக்லண்ட் டைக் என்பவர் தம் வாசத்தலத்தை ஒட்டி வளர்த்த சோலை அது. அதிகாரி ஒருவரின் விருப்பத்தால் வந்தது. பின்னர் நகர மக்களுக்கு நிழலாயிற்று. கிராமங்களுக்கு அப்படி ஓர் அதிபர் வாய்க்கவில்லை. அங்கே விளையாட்டிடம் என்பது கோயில் வீதி, பள்ளிக்கூட முற்றம், அறுவடை முடிந்த வயல், இவ்வளவே. கிளித்தட்டு மறித்ததும், சித்திரை வருடப் பிறப்பிலே போர்த்தேங்காய் அடித்ததும், தைப்பொங்கலுக்குப் பட்டம் ஏற்றியதும் இந்த இடங்களிலேதான்.

இவ்விடங்கள் எல்லாருக்கும் பொதுவாயிருந்தனவா என்று கேட்டால், இல்லை என்றே விடை கூறவேண்டும். கோயில் வீதியும் கேணியும் ஊரவருள் ஒருசாராருக்கு நெடுங்காலம் மறுக்கப்பட்டிருந்தன. நல்ல தண்ணீர்க் கிணற்றிலே அள்ளுவதற்கும் அனுமதி வேண்டியிருந்தது. சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் 1957 ஆம் ஆண்டில் நிறைவேறியது. அதன்பின்னும் 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலிலே ஆலயப் பிரவேசத்துக்காகச் சத்தியாக்கிரகம் நடத்தவேண்டியிருந்தது. ஆகவே ஊராட்சி மன்றத்தின் பெயரில் உள்ள நிலத்துக்குத் தனியான ஒரு பெறுமதி உண்டு. தனியார் காணியில் உரிமையாளன் "வராதே" என்று சொல்லலாம். சபைக் காணியிலே அதைச் சொல்லச் சட்டத்தில் எவருக்கும் இடமில்லை. விளையாட்டிடம் ஒன்று எவர் பெயரில் இருக்கின்றது என்பது உறுதி எழுதும் நொத்தாரிசு மட்டும் அறிந்துகொள்ளவேண்டிய செய்தியன்று.

இந்த இடத்தில் காணி உறுதிபற்றிச் சற்று விரிவாகச் சொல்லுதல் தகும். வலிகாமத்தில் அரசாங்கத் தரிசு நிலம் அருமை. எனவே ஊரின் மைதானங்களிற் பல யாரோ ஒரு தருமவான் மனமுவந்து விட்ட காணிகள். சில வாய்ச்சொல்லால் விடப்பட்டவை. சில விளையாட்டுக் கழகத்து முதியவர் இருவர் மூவர் பெயரில் எழுதப்பட்டவை. கொடுத்தவரும் பெற்றவரும் உயிரோடிருக்கும்வரை இடையூறில்லை. பின்னர் பிள்ளைகள் கொழும்புக்கும், கடல் கடந்த நாடுகளுக்கும் போய்விடுகின்றனர். 1995 ஒக்ரோபர் 30 ஆம் நாள் வலிகாமம் முழுவதும் வீடுவாசலை விட்டு ஓரிரவில் வெளியேறியதே, அப்பொழுது எத்தனை பெட்டகங்களிலிருந்த உறுதிகள் அழிந்தன என்பதைக் கணக்கிட்டவர் இல்லை. அடுத்த ஆண்டு ஊர் திரும்பியவர்கள் முதலில் கூரையைத் தேடினார்கள். மைதானத்தின் எல்லைக்கல்லை யார் தேடுவார்? எல்லை தெரியாத நிலத்தைச் சபை செலவிட்டு வேலியடைக்க முடியாது. தனக்குரியதல்லாத காணியில் வரிப்பணத்தைச் செலவிட்டால் கணக்காய்வாளர் கேள்வி எழுப்புவார். அதனால் மைதானம் எல்லாருக்கும் பயன்படுகின்றது. ஆனால் எவரும் அதற்குப் பொறுப்பில்லை.

சட்டத்திலே குறை காண்பதற்கு அதிகம் இல்லை. 1871 ஆம் ஆண்டின் கிராமச் சங்கக் கட்டளைச் சட்டம் தொட்டு ஊர்க் கருமங்களை ஊரார் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு இந்நாட்டில் வழங்கி வந்துள்ளது. அக்கிராமச் சங்கங்களும் பட்டின சபைகளும் 1980 ஆம் ஆண்டின் அபிவிருத்திச் சபைகள் சட்டத்தால் மறைந்தன. அவற்றின் இடத்தை நிரப்ப 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் வந்தது. பொதுச் சுகாதாரம், பொதுப் பயன்பாட்டுச் சேவைகள், பொது வீதிகள் ஆகியவற்றோடு, மக்களின் சௌகரியத்தையும் வசதியையும் நலனையும் பாதுகாத்து வளர்க்கும் கடமையையும் அச்சட்டம் பிரதேச சபையிடம் ஒப்படைக்கின்றது. சபைக்கு நான்கு நிலையியற் குழுக்கள் உண்டு; அவற்றுள் ஒன்று சுற்றாடலுக்கும் வசதிகளுக்கும் உரியது. பூங்காவும் விளையாட்டிடமும் அதன் கண்காணிப்பில் அடங்கும். உரும்பிராய் வலிகாமம் கிழக்குப் பிரதேச சபையின் ஆட்சிக்குட்பட்ட ஊர்.

சட்டம் இருந்தது, சபை இருந்ததா? யாழ்ப்பாணத்து உள்ளூராட்சி மன்றங்கள் பதினேழுக்கும் போர்க்காலத்தின் நடுவே 1998 சனவரியில் தேர்தல் நடந்தது. பின்னர் 2011 இல் நடந்தது. அதன்பின் 2018 பெப்ரவரியில். அச்சபைகளின் காலம் ஓராண்டு நீட்டப்பட்டு 2023 மார்ச்சில் முடிவுற்றது. அம்மாதம் 9 ஆம் நாள் நடைபெறவிருந்த தேர்தல் பணமில்லை என்ற காரணத்தால் பின்தள்ளப்பட்டது. அது மக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என்று 2024 ஓகத்தில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தேர்தல் 2025 மே 6 ஆம் நாள்தான் நடந்தது. இடைப்பட்ட இரண்டாண்டுக்கு மேற்பட்ட காலம் பிரதேச சபைகளைச் செயலாளர்களே நடத்தினர். செயலாளர் திறமையற்றவர் என்பதன்று இங்கே சொல்லவருவது. குப்பை அகற்றப்பட்டது, சம்பளம் கொடுக்கப்பட்டது, கடிதத்துக்குப் பதிலும் வந்தது. ஆனால் உடைந்த ஊஞ்சலைப் பற்றிக் கேட்பதற்கு வட்டாரத்தில் ஓர் உறுப்பினர் இல்லை. வாக்குக் கேட்டு வந்தவரைப் படலையில் மறித்துக் கேட்பது வேறு. அலுவலகத்தில் மனுக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பது வேறு.

இனிப் பாதுகாப்பைப் பார்ப்போம். குடாநாட்டில் ஆறில்லை, கிணறு உண்டு. சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் தேங்கும் மழைநீரே உயிர்நீர். உரும்பிராய்த் தோட்டங்களை நடந்து பார்ப்பவர் எத்திசையிலும் கிணற்றைக் காண்பர். வீட்டுக் கிணற்றுக்குக் கட்டுண்டு. தோட்டக் கிணறுகளிற் பல தரையோடு தரையாகத் திறந்து கிடப்பவை. துலா மிதித்த காலத்தில் கிணற்றடியில் எப்பொழுதும் ஆள் நடமாட்டம் இருந்தது. நீரிறைக்கும் இயந்திரம் வந்தபின் அதனை முடுக்கிவிட்டு ஆள் வரம்புக்குப் போய்விடுவான், கிணறு தனித்திருக்கும். பந்து உருண்டோடினால் பிள்ளையும் பின்னே ஓடும். பட்டத்தை அண்ணாந்து பார்த்தபடி பின்னடி வைப்பவனுக்குக் கிணறு தெரியாது. கைவிடப்பட்ட வளவுகளிலோ கிணற்றின்மேல் புல்லும் கொடியும் படர்ந்து வாயையே மறைத்துவிடுகின்றன.

உலகச் சுகாதார நிறுவனம் நீரில் மூழ்கி இறத்தல்பற்றிய தன் முதலாவது உலக அறிக்கையை 2014 இல் வெளியிட்டது. ஆண்டொன்றுக்கு 372,000 பேர் இவ்வாறு உயிரிழக்கின்றனர் என்றும், அவர்களுள் நூற்றுக்குத் தொண்ணூற்றுக்கு மேற்பட்டோர் வருமானங் குறைந்த, நடுத்தர நாடுகளைச் சேர்ந்தவர் என்றும் அது கூறிற்று. அவ்வறிக்கை சொன்ன பரிகாரங்கள் வியப்பூட்டுபவையல்ல. நீர்நிலைக்கு வேலியடையுங்கள், சிறு பிள்ளைகளுக்கு நீரிலிருந்து விலகிய, கண்காணிப்புள்ள இடமொன்று கொடுங்கள், பள்ளி செல்லும் பிள்ளைக்கு நீந்தப் பழக்குங்கள். இரண்டாவது பரிகாரத்தை ஊன்றி நோக்குக. விளையாட்டிடம் என்பது பொழுதுபோக்கு வசதி மட்டுமன்று. அதுவே ஒரு பாதுகாப்பு ஏற்பாடு. மைதானம் இல்லாத பிள்ளை விளையாடாதிருக்காது. தோட்டத்திலும் தெருவிலும் விளையாடும்.

வலிகாமம் கிழக்கிலேயே பொழுதுபோக்கும் ஆபத்தும் ஒருங்கே கூடிய இடம் ஒன்று உண்டு. உரும்பிராய்க்கு வடகிழக்கே, நவக்கிரியில் உள்ள நிலாவரைக் கிணறு அது. இராமபிரான் அம்பெய்து உண்டாக்கிய ஊற்று என்பது ஐதீகம். மேலே நன்னீர், ஆழத்தில் உவர்நீர்; இது நிலவியல். எவ்வளவு இறைத்தாலும் வற்றாத அந்நீர் சுற்றுப்புறத் தோட்டங்களுக்குப் பாய்ந்திருக்கின்றது. விடுமுறை நாள்களில் தென்பகுதியிலிருந்தும் பேருந்துகளில் மக்கள் வந்து பார்க்கின்றனர். எட்டிப்பார்க்கத் தூண்டும் ஆழமே இவ்விடத்தின் கவர்ச்சி; ஆபத்தும் அதுவே. இங்கே தடுப்பு, விளக்கு, அறிவித்தல் பலகை, காவலாள் ஆகியவற்றைத் தீர்மானிப்பவர் யார் என்பது எளிய கேள்வியாயிருக்க வேண்டும். ஆனால் 2021 சனவரியில் தொல்பொருள் திணைக்களத்தார் அங்கு அகழ்வு தொடங்கியபொழுது பிரதேச சபைத் தவிசாளரும் ஊரவரும் எதிர்த்து நின்றனர். வழக்கும் தொடர்ந்தது. பழமையைக் காப்பதற்குத் திணைக்களத்துக்கு உரிமையுண்டு. இடத்தைப் பேணும் கடமை சபைக்கு உண்டு. சபையைக் கேளாமலே ஒரு திணைக்களம் மண்ணை வெட்டலாமாயின், நாளை அங்கே ஒரு பிள்ளை வழுக்கி விழுந்தால் கைகாட்டுவதற்கு ஒருவருக்கொருவர் இருப்பர். வரலாற்றுப் பிணக்காகவே பலரும் பார்த்த அந்நிகழ்ச்சியில் இந்த நிருவாகப் பிணக்கும் இருந்தது.

வீதியிலும் இதே கதை. பெருவீதிகளாகிய ஏ, பி வகையின வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியவை. சி, டி வகையின மாகாணத்துக்குரியவை. எஞ்சிய ஒழுங்கைகளே பிரதேச சபைக்குரியவை. பொலிசார் மத்திய அரசாங்கத்தின் கீழ் உள்ளனர். பதின்மூன்றாந் திருத்தம் சொல்லும் மாகாணப் பொலிஸ் அதிகாரம் காகிதத்தோடு நிற்கின்றது. ஆகவே பள்ளிக்கூடத்துப் பிள்ளை பலாலி வீதியைக் கடப்பதற்கு வெள்ளைக்கோடு போடுவதும், வேகத்தைத் தடுப்பதும் சபையால் தனித்துச் செய்யக்கூடிய காரியங்களல்ல. எழுதிக் கேட்கலாம், விடாமல் கேட்கலாம். அவ்வீதியின் வயாவிளான், பலாலிப் பகுதி முப்பத்தைந்து ஆண்டளவு மூடப்பட்டிருந்து 2025 ஏப்பிரலில் கட்டுப்பாடுகளோடு திறக்கப்பட்டது. அது மகிழ்ச்சிக்குரிய செய்தி. ஒடுங்கி ஓய்ந்திருந்த வீதி மீண்டும் இருமுனையும் திறந்த வீதியாகும்பொழுது உரும்பிராய்ச் சந்தியின் போக்குவரவும் பெருகும் என்பதை இப்பொழுதே எண்ணிப்பார்த்தல் தகும்.

பணமில்லை என்று சொல்லப்படும். ஓரளவுக்கு அது மெய். சோலைவரி எவ்வளவு, சந்தைக் குத்தகை எவ்வளவு என்பது யாவரும் அறிந்ததே. ஆயினும் இங்கே வேண்டியவற்றிற் பெரும்பாலானவை பணத்தைவிடக் கவனத்தை வேண்டுவன. வட்டாரந்தோறும் மைதானங்கள், திறந்த கிணறுகள், தாழ்ந்து தொங்கும் மின்கம்பிகள், இருண்ட சந்திகள் ஆகியவற்றைப் பதியும் ஓர் இடாப்பு. மாதம் ஒருமுறை அதைக் கையிலெடுத்துக்கொண்டு சுற்றிவரும் ஓர் அலுவலர். பார்த்த நாளும் கண்ட குறையும் எழுதிய கையொப்பம். இவை மூன்றும் இருந்தால் அடுத்த வரவுசெலவுத் திட்டத்தில் எதை முதலிற் செய்வது என்ற வாதமே பாதியாகக் குறைந்துவிடும்.

இடாப்பை எழுதுவதற்கு ஆள் தேடவும் வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்து ஊர்களிலெல்லாம் சனசமூக நிலையங்கள் உண்டு. காலையிலே பத்திரிகை வாசிப்பதும், மாலையிலே கரப்பந்து ஆடுவதும் அங்கேதான். அவை சபையிற் பதியப்பட்டு அதன் ஆதரவைப் பெறுபவை. நிலையியற் குழுக்களில் உறுப்பினரல்லாத ஊரவரையும் சேர்த்துக்கொள்ள இடமுண்டு. தோட்டக் கிணறு எது, அதன் சொந்தக்காரன் உள்ளூரில் இருக்கிறானா, இலண்டனில் இருக்கிறானா என்பதை நிலையத்துச் செயலாளரைவிட அறிந்தவர் கச்சேரியிலும் இல்லை. வெளிநாட்டிலிருப்பவருக்கு அவர் எழுதும் ஒரு கடிதம் சில வேளை சபையின் அறிவித்தலைவிட விரைவாகக் கிணற்றுக்குக் கட்டுக் கட்டுவிக்கும். மைதானக் காணியைச் சபையின் பெயருக்கு எழுதிக்கொடுக்கும்படி உரிமையாளரின் பிள்ளைகளைக் கேட்பதற்கும் அவரே தக்க ஆள்.

சபை கேளாதிருந்தால் ஊரவர் கேட்கலாம். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உள்ளூராட்சி மன்றங்களுக்கும் உரியது. உரும்பிராயில் சபைக்குச் சொந்தமான பொதுவெளிகள் எவை, அவற்றைக் கடைசியாகப் பரிசோதித்தது எந்நாள், கண்ட குறைகள் எவை என்ற மூன்று கேள்விகளை ஒரு தாளில் எழுதித் தகவல் அலுவலரிடம் கொடுத்தால் போதும். விடை வெறுந்தாளாக வந்தாலும் அடுத்த சபைக் கூட்டத்திலே வட்டார உறுப்பினர் கையில் அது இருக்கலாம்.