சிவப்புப் புள்ளி வைத்த கசெட்

ஜாஸ் இசையைப் பற்றி இன்று வானொலியில் கொஞ்ச நேரம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். திருக்கோவில்காரனுக்கும் ஜாஸுக்கும் என்ன கொடுக்கல் வாங்கல் என்று நீங்கள் கேட்பீர்கள். ஆடி அமாவாசைக்குச் சித்திரவேலாயுதர் வாசலில் நாதஸ்வரமும் தவிலும், வைகாசியில் தம்பிலுவில் கண்ணகை அம்மன் திருக்குளிர்த்தியில் உடுக்கும் காவியமும், கல்முனைக் கடற்கரைப் பள்ளிக் கொடியேற்றத்தில் பாவாமாரின் றபானும் கேட்டு வளர்ந்தவன் நான். ஜாஸ் எனக்கு வந்தது கல்முனையில், ரேடியோ திருத்தும் ஒரு காக்காவின் கடையில். அதுவும் ஒரு சண்டை வழியாக.

காக்கா பகலில் மற்றவர்களின் ரேடியோக்களைத் திருத்துவார். இரவில் தன்னுடையதைச் சிற்றலையில் வைத்து அமெரிக்காவின் குரலைப் பிடிப்பார். வில்லிஸ் கொனோவர் என்பவர் 1955இலிருந்து அதில் ஜாஸ் நிகழ்ச்சி நடத்தினார். ஆழமான குரல். ஆங்கிலம் அரைகுறையாகத் தெரிந்தவனுக்கும் விளங்கட்டும் என்று ஒவ்வொரு சொல்லாக நிறுத்திப் பேசுவார். அந்த வானொலி அமெரிக்காவுக்குள் ஒலிபரப்பச் சட்டம் இடம் கொடுக்காததால், உலகம் முழுக்கத் தெரிந்த மனிதரைச் சொந்த நாட்டில் அதிகம் பேருக்குத் தெரியாது. கல்முனையில் காக்காவுக்குத் தெரியும். "நமக்கு விளங்கணும் எண்டுதான் மனே அந்த மனிசன் ஆறுதலாக் கதைக்கிறாரு" என்பார்.

அமெரிக்க ஜாஸ் மேதை டியூக் எலிங்டன் 1963இல் தன் இசைக்குழுவோடு கொழும்புக்கு வந்து வாசித்துவிட்டுப் போனவர். அந்தப் பயணம் அங்காராவில் கென்னடி கொலைச் செய்தியோடு பாதியில் முடிந்தது. காக்கா அந்தக் கச்சேரிகளுக்குப் போனவரல்ல. ஆனால் எலிங்டன் பெயரைச் சொல்லும்போது ஏதோ உறவுக்காரர் வந்து போனதுபோலவே சொல்லுவார்.

சண்டையின் மறுபக்கத்தில் நின்றவர் எங்கள் ஊர்க்காரர், ஓய்வுபெற்ற சங்கீத ஆசிரியர். எல்லாருக்கும் மாஸ்டர். சனிக்கிழமைகளில் கல்முனைச் சந்தைக்கு வந்தால் காக்கா கடையில் ஒரு தேத்தண்ணி குடிக்காமல் பஸ் ஏறமாட்டார். அவருக்கு நாதஸ்வரம் என்றால் ராஜரத்தினம் பிள்ளை, தவில் என்றால் யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி. அதற்கப்பால் உலகம் இல்லை.

ஒரு சனிக்கிழமை காக்கா வேண்டுமென்றே ட்ரம்பெட்காரர் மைல்ஸ் டேவிஸின் 1959ஆம் ஆண்டு இசைத்தட்டிலிருந்து ஒரு பாட்டைப் போட்டார். 'சோ வட்' என்று பெயர். மாஸ்டர் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டுத் தொடையில் தாளம் போடத் தொடங்கினார். கொஞ்ச நேரத்தில் முகம் மாறியது. "இது கரகரப்பிரியா அல்லவா!" என்றார். உண்மைதான். அமெரிக்கர்கள் டோரியன் என்று சொல்லும் சுரவரிசையின் சுரங்களும் நம் 22ஆம் மேளத்தின் சுரங்களும் ஒன்றே. மாஸ்டர் ஆதிதாளத்தில் எண்ணிக்கொண்டே வந்தார். எட்டு ஆவர்த்தனம் ஓடியது. ஒன்பதாவதில் எல்லாமே அரைச் சுரம் மேலே ஏறிவிட்டது. நாலு ஆவர்த்தனம் அங்கே நின்றுவிட்டுப் பழைய இடத்துக்கே இறங்கியது. "ஏன் சுருதியைத் தூக்கினான்? தம்புராக்காரன் நித்திரையா?" என்று மாஸ்டருக்குக் கோபம்.

ஜாஸை விளங்கிக்கொள்ள எனக்கு இதைவிட நல்ல வாசல் கிடைக்கவில்லை. நமக்கு ஆதார சட்ஜம் அசையாது. அதன்மேல் நின்றுகொண்டு ராகத்தை உள்ளே உள்ளே தோண்டிக்கொண்டு போவோம். ஜாஸ்காரனுக்குத் தரையே நகரும். பல சுரங்களைச் சேர்த்து ஒரேயடியாக ஒலிக்கும் சுரக்கூட்டு ஒன்று போய் இன்னொன்று வரும், அதற்கேற்பக் கற்பனையும் திரும்பவேண்டும். சக்ஸபோன்காரர் சார்லி பார்க்கர் காலத்தில் அந்தத் தரை பாட்டுக்குப் பாட்டு, நொடிக்கு நொடி ஓடியது. மைல்ஸ் டேவிஸ் அதை நிறுத்தி, ஒரே சுரவரிசையில் நீண்ட நேரம் நிற்கவிட்டார். அதே தட்டில் சக்ஸபோன் வாசித்த ஜோன் கோல்ட்ரேன் பின்னர் ரவிசங்கரைத் தேடிப் போனார், 1965இல் பிறந்த மகனுக்கு ரவி என்று பெயர் வைத்தார். மாஸ்டர் தொடையில் எண்ணிய அந்த எட்டு ஆவர்த்தனத்துக்குள்தான் நம் பக்கத்துக் கதவு இருந்தது.

ஆனால் மாஸ்டரும் காக்காவும் பகையானது மைல்ஸ் டேவிஸால் அல்ல. 'சக்தி'யால்.

சக்தி என்பது 1970களின் நடுவில் ஜோன் மக்லக்லின் என்ற ஆங்கிலேயக் கிற்றார்க்காரர் தொடங்கிய குழு. சாகிர் ஹுசைன் தபேலா, விக்கு விநாயக்ராம் கடம், எல். சங்கர் வயலின். மக்லக்லின் அமெரிக்காவில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் எஸ். இராமநாதனிடம் வீணை படித்தவர். வீணையில் தந்தியை அழுத்தி இழுத்தால் கமகம் பேசும், கிற்றாரில் அவ்வளவு இழுவை கிடைக்காது. அதற்காக மெட்டுகளுக்கு நடுவே மரத்தைக் குழியாகச் செதுக்கிய ஒரு கிற்றாரைச் செய்வித்தார். விரல் அந்தக் குழிக்குள் இறங்கும், தந்தி வளையும். போதாததற்கு, தானாகவே அதிரும் ஏழு தந்திகளைக் குறுக்கே சாய்வாகப் பூட்டினார். ஒரு மனிதன் தன் வாத்தியத்தையே தோண்டிப் பார்க்கிறான் என்றால் அந்த ஆசையை நான் மதிக்கிறேன். மாஸ்டர் மதிக்கவில்லை. "வீணை வேணுமெண்டால் வீணையை வாசிக்கட்டும், மரத்தை ஏன் கொத்துறான்?" என்று கேட்டார்.

இதில் நம் நாட்டுச் சங்கதி ஒன்று உண்டு. சங்கரும் அவருடைய அண்ணன் எல். சுப்பிரமணியமும் சிறுவயதை யாழ்ப்பாணத்தில் கழித்தவர்கள். தகப்பனார் வி. லக்ஷ்மிநாராயணா அங்கே சங்கீதம் கற்பித்தார். 1958 கலவரத்துக்குப் பிறகு குடும்பம் சென்னைக்குப் போய்விட்டது. அண்ணன் பின்னாளில் பிரான்ஸ் நாட்டு ஜாஸ் வயலின் கிழவர் ஸ்டெஃபான் கிரபெல்லியோடு சேர்ந்து இசைத்தட்டுப் போட்டார். தம்பி சக்திக்குப் போனார். யாழ்ப்பாணத்தில் வில்லைப் பிடித்துப் பழகிய கைகள் அவை என்று காக்கா பெருமையாகச் சொன்னால், மாஸ்டர், "அதுதான் எனக்குக் கூடக் கோபம்" என்பார்.

மாஸ்டருக்கு அது கச்சேரி இல்லை. அமெரிக்காவிலும் சிலருக்கு அது ஜாஸ் இல்லை. அதற்கு முந்திய மகாவிஷ்ணு ஓர்க்கெஸ்ட்ரா என்ற குழுவில் மக்லக்லின் மின்கிற்றாரில் எழுப்பிய புயலுக்காக வந்தவர்கள், கடத்தையும் தபேலாவையும் சுற்றி அவர் சம்மணம் கொட்டி உட்கார்ந்ததைக் கண்டு ஏமாந்தார்கள். இரண்டு பக்கமும் ஏச்சு வாங்கும் இசையை நான் எப்போதும் கொஞ்சம் கவனமாகக் கேட்பேன்.

ஜாஸ் வரலாறே இப்படி ஏச்சால் நிறைந்தது. 1938இல் ஜெலி ரோல் மோர்ட்டன், ஜாஸைக் கண்டுபிடித்தவனே நான்தான், 1902இல், என்று ஒரு சஞ்சிகைக்குக் கடிதம் எழுதினார். நாற்பதுகளில் புதிய பீபொப் இசையை விரும்பியவர்கள் பழசை விரும்பியவர்களைப் பூஞ்சணம் பிடித்த அத்திப்பழங்கள் என்றார்கள். லூயி ஆம்ஸ்ட்ரோங் பீபொப்பைப் பழித்தார், டிஸி கிலெஸ்பி திருப்பிக் கொடுத்தார். ஆனால் 1959இல் அந்த இரண்டு பேரும் ஒரே தொலைக்காட்சி மேடையில் ட்ரம்பெட்டோடு நின்று சிரித்துச் சிரித்து வாசித்தார்கள். 1986இல் வான்கூவரில் இளம் ட்ரம்பெட்காரர் விண்டன் மார்சலிஸ் அழைக்காமலே மைல்ஸ் டேவிஸின் மேடையில் ஏறினார். மைல்ஸ் குழுவையே நிறுத்திவிட்டு இறங்கச் சொன்னார். அது சிரிப்பில் முடியவில்லை.

இவற்றில் எனக்குப் பிடித்தது கன்சாஸ் நகரத்துக் கதை. சார்லி பார்க்கருக்குப் பதினாறு வயதளவு. பெரியவர்கள் வாசிக்கும் ஒரு மேடையில் சக்ஸபோனோடு ஏறி, நடுவில் தடுமாறிவிட்டான். ட்ரம்ஸ்காரர் ஜோ ஜோன்ஸ் தன் வெண்கலத் தட்டைக் கழற்றி அவன் காலடியில் வீசினார். மண்டபம் முழுக்கச் சிரிப்பு. பையன் அழுதுகொண்டு போனான் என்கிறார்கள். அடுத்த கோடை முழுதும் லெஸ்டர் யங்கின் இசைத்தட்டுகளை வைத்துப் பழகித் திரும்பி வந்தான். கோயில் வீதியில் விடியுமட்டும் நடக்கும் மேளச்சமாவைக் கண்டவர்களுக்கு இது புதினமில்லை. ஒரு தவில்காரர் அடுக்கிய கணக்கை மற்றவர் அப்படியே திருப்பிச் சொல்லி, மேலே ஒன்று வைப்பார். திருப்பிச் சொல்ல முடியாதவர் கையைத் துடைத்துக்கொண்டு வெற்றிலை போட வேண்டியதுதான்.

எங்கள் பக்கத்துக் கொம்புமுறியும் அப்படித்தான். கண்ணகை அம்மன் பேரால் ஊர் இரண்டாகப் பிரியும். வடசேரி கோவலன் பக்கம், தென்சேரி கண்ணகி பக்கம். வளைந்த மரக்கொம்புகள் இரண்டை ஒன்றோடொன்று கொளுவி, கயிறு கட்டி இரண்டு சேரியும் இழுக்கும். முறிந்த கொம்புக்காரர் தோற்றார். பிறகு தோற்ற சேரியைப் பழித்து வசைப்பாட்டு. என் பெரியப்பா சொல்வார், வசை பாடுகிறவன் எதிர்ச்சேரிப் பாட்டை அட்சரம் பிசகாமல் தெரிந்து வைத்திருப்பான் என்று. இல்லாவிட்டால் மெட்டில் மெட்டு உட்காராது, ஏச்சு ஏறாது.

இனி மாஸ்டரையும் காக்காவையும் பகையாக்கிய அந்தக் கசெட். எண்பதுகளின் தொடக்கத்தில் காக்காவின் மச்சினன் கட்டாரிலிருந்து கொண்டு வந்தது, சக்தியின் இரண்டாவது இசைத்தட்டு, 1976இல் பதிவானது. காக்கா அதை மாஸ்டரிடம் கொடுத்து, "முழுசாக் கேட்டுட்டு ஏசுங்க மாஸ்டர்" என்றார். இரண்டு மாதம் கழித்துக் கசெட் திரும்பி வந்தது. கூடவே ஒரு தீர்ப்பும் வந்தது. "ரெண்டுங்கெட்டான்."

மாஸ்டர் போன பிறகு காக்கா கசெட்டை மின்குமிழுக்குக் கீழே பிடித்து எனக்குக் காட்டினார். கொடுப்பதற்கு முதல் இரண்டு பற்சக்கரத்திலும் ஊசிமுனையளவு சிவப்புப் பூச்சு வைத்து, இரண்டு புள்ளியும் நேருக்கு நேர் பார்க்கும்படி பென்சிலால் சுற்றி நிறுத்தியிருக்கிறார். புள்ளிகள் அப்படியே நின்றன. நாடா ஒரு பல்கூட நகரவில்லை.

"பாத்தியா மனே, கேக்காமலேதான் இந்த மனிசன் ஏசிருக்காரு" என்றார் காக்கா. அவர் குரலில் இருந்தது கவலை அல்ல, வெற்றி. பாட்டுக் கேட்கக் கொடுத்தாரா, பொறி வைத்துக் கொடுத்தாரா என்று எனக்கு அன்றைக்கே சந்தேகம். என் பங்குக்கு நானும் வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை. பஸ் ஏறித் திருக்கோவிலுக்கு வந்து மாஸ்டரிடம் புள்ளிக் கதையைச் சொல்லிவிட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "வீட்டில கரண்ட் இல்ல" என்றார். எங்கள் தெருவில் அப்போது கரண்ட் இருந்தது.

அதற்குப் பிறகு மாஸ்டர் அந்தக் கடைப் படியேறவில்லை. 1990இல் போரால் அக்கரைப்பற்றுக்கு அங்காலே பாதையே எங்களுக்கு அடைபட்டது. திறந்தபோது மாஸ்டர் இல்லை. 2004 மார்கழிச் சுனாமியில் காக்காவின் வீட்டையும் பெட்டி பெட்டியாக இருந்த கசெட்டுகளையும் கடல் கொண்டுபோனது. அவர் உயிரோடு தப்பினார். இப்போது பேரப்பிள்ளையின் தொலைபேசியில் எல்லாம் கேட்கலாம் என்கிறார், ஆனால் கேட்பதில்லை.

அந்தக் கசெட்டின் முதற்பாட்டை இப்போது ஒலிபரப்பப் போகிறார்கள். ஐந்து நிமிடமளவுதான். எடுத்த எடுப்பில் வாத்தியம் எதுவும் வராது. சாகிரும் விக்குவும் வாயால் சொற்கட்டுச் சொல்வார்கள், நம் கொன்னக்கோல். ஆம்ஸ்ட்ரோங் 1926இல் 'ஹீபி ஜீபீஸ்' பாட்டில் சொல்லைக் கைவிட்டு வெறும் ஒலியாகப் பாடினாரே, பாட்டுத்தாள் கீழே விழுந்ததால்தான் அப்படிப் பாடினார் என்றொரு கதையும் கட்டிவிட்டார்களே, அதற்கு இது தூரத்துச் சொந்தம். காக்காவுக்கு இந்தத் தொடக்கம் மிகவும் பிடிக்கும். மாஸ்டர் கேட்டிருந்தால் கணக்கு எங்கே வந்து விழுகிறது என்று தொடையில் எண்ணியிருப்பார். சொற்கட்டு முடிந்த கையோடு வயலினும் கிற்றாரும் ஒன்றாகப் பாயும். எது வயலின், எது கிற்றார் என்று ஓரிடத்தில் உங்களுக்குக் குழம்பும். எனக்கு இன்னும் குழம்புகிறது.